பேயாண்டி ஆஸ்பத்திரிக்குத் தடை

வில்லாபுரம்,
மதுரை.
18-1-1981

அன்புள்ள மாப்பிள்ளை நல்லகாமனுக்கு,

மச்சான் முத்திருளன் எழுதுவது. இங்கே நானும் சீனியம்மாளும் பிள்ளைகளும் சௌக்கியம். பிலாய்க் குளிரில் நீயும் தங்கச்சி ரெங்கம்மாளும் எப்படி இருக்கிறீர்கள்? போன வருஷம் ஏழாம் மாதத்திலேயே பிள்ளை தவறிப்போனதிலிருந்து அவள் நினைப்பாகவே இருக்கிறது. உடம்பு தேறிவிட்டதா என்று எழுது. பொங்கலுக்கு அவளுக்கென்று ஒரு சேலை எடுத்து வைத்திருக்கிறேன்.

சௌக்கியம் என்று மேலே எழுதினேனே, அது வழக்கத்துக்காக எழுதியது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாம். எனக்கு வயிறு எரிகிறது.

நேற்று சிம்மக்கல்லில் கத்தரிக்காயைப் போட்டுவிட்டு பஸ் ஏறினேன். "எங்கண்ணே?" என்றான் கண்டக்டர். வில்லாபுரம் என்றேன். "வில்லாபுரத்துல எங்க, பேயாண்டி ஆஸ்பத்திரியா, அதுக்கு அங்கிட்டா?" என்கிறான். என் வீட்டுக்குப் போக நான் அவன் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்க வேண்டுமாம். வாங்கவில்லை. அடுத்த ஸ்டாப்புக்குச் சீட்டு வாங்கி, அங்கே இறங்கி வெயிலில் திரும்பி நடந்து வந்தேன்.

பேயாண்டி யார்? என் சித்தப்பா மகன். பாகம் பிரித்தபோது எங்கள் அய்யா கிணற்றுப் பக்கத்து நிலத்தைக் கேட்டு வாங்கினார். அவன் அய்யாவுக்குப் புல் கூட முளைக்காத களர். அந்தக் களரை ஒட்டியே ரோடு வந்து விழுந்தால் நான் என்ன செய்ய? அவன் அதில் கட்டடம் கட்டி, டவுனிலிருந்து அமீருன்னிசா டாக்டரம்மாவைக் கூட்டிவந்து வைத்துவிட்டான். ஊசி போடுவது அந்தம்மா, பிரசவம் பார்ப்பது அந்தம்மா, பெயர் மட்டும் இவனுக்கு. காலையில் நான் பல் விளக்கும் நேரத்தில் அவன் வாசலில் நாற்பது பேர் நிற்கிறார்கள். வருகிறவர்கள் எல்லாம் அவனைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள் மாப்பிள்ளை! வெற்றிலைபாக்குக் கடைக்காரன்கூட எழுந்து நிற்கிறான்.

விடமாட்டேன். எங்கள் இரண்டு பேர் நிலத்துக்கும் நடுவே இருப்பது மாடு போவதற்கு விட்ட பொதுப்பாதை. அதில் அவன் ஆஸ்பத்திரிக்கு வருகிற டாக்சிகளை விடுகிறான். முன்சீப் கோர்ட்டில் பிராது கொடுத்துவிட்டேன்.

தங்கச்சியிடம் அண்ணன் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் மச்சான்
முத்திருளன்


பிலாய்,
3-2-1981

மச்சானுக்கு வணக்கம்.

நாங்கள் நலம். உங்கள் அனைவரின் நலத்தையும் விரும்புகிறோம். உன் கடிதத்தை நான் உரக்கப் படிக்க, ரெங்கம்மாள் சிரித்த சிரிப்பில் அடுப்பில் தோசை கருகிவிட்டது. அவள் சிரித்து ரொம்ப நாளாயிற்று. அதற்காகவே உனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஆனாலும் மச்சான், கேஸ் எதற்கு? டாக்டரம்மா இடம் தேடி முதலில் உன்னிடம்தானே வந்தார்? பார்க்கலாம், பார்க்கலாம் என்று ஒரு வருஷம் அவரை நடக்கவிட்டது யார்? அலுத்துப்போய்த்தான் அவர் பக்கத்து வீட்டுக்குப் போனார். அன்றைக்கே சரி என்றிருந்தால் இன்றைக்குக் கண்டக்டர் உன் பெயரைக் கூவிக்கொண்டிருப்பான்.

இன்னொன்றையும் நினைத்துப் பார். உன் வீட்டுக்காரியின் தங்கை சின்னத்தாய், புருஷன் விட்டுப்போனபின் அங்கே ஆயா வேலை பார்த்துத்தான் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றுகிறாள். கோர்ட்டுக்குப் போட ஒரு சட்டை, தோட்டத்துக்குப் போட ஒரு சட்டை என்று நீ அலைய ஆரம்பித்தால் கத்தரிச்செடிக்குத் தண்ணீர் யார் பாய்ச்சுவது?

கோபித்துக்கொள்ளாதே. அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு.

நல்லகாமன்


வில்லாபுரம்,
22-2-1981

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுது. இந்த முறை சுகம் என்று எழுதியது நிஜம். அம்புட்டு சந்தோஷம்.

தடையுத்தரவு கிடைத்துவிட்டது! பாதையில் கார், வண்டி எதுவும் விடக்கூடாது. அதோடு முடியவில்லை. பேயாண்டி புதிதாக இழுத்துக் கட்டிய தெற்கு அறை பாதையில் ஒன்றரை முழம் ஏறியிருக்கிறது. அளந்து காட்டினோம். கேஸ் முடியும்வரை அந்த அறையைத் திறக்கவோ புழங்கவோ கூடாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. கோர்ட் அமீனா வந்து கதவில் காகிதத்தை ஒட்டினார். பேயாண்டி என்னிடம் வந்து, "அண்ணே, அந்த ரூம்பை மட்டும் விட்டுருண்ணே. பாதைக்கு எம்புட்டு வேணுமோ எந்தப் பக்கம் வேணுமோ எடுத்துக்க" என்றான். கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான். அவன் என்னைக் கெஞ்சுகிறான் மாப்பிள்ளை, நாலுபேர் பார்க்க! அந்த நேரத்தில் நான் சாப்பிட்ட பழைய சோறு கறிச்சோறு மாதிரி இருந்தது.

"கோர்ட்டுல பேசிக்கலாம்"னு சொல்லிவிட்டேன்.

டாக்டரம்மா முதலில் என்னிடம் வந்ததை நீ எழுதியிருந்தாய். அது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

தங்கச்சி சிரித்தாள் என்று படித்ததில் எனக்கு நிறைவு.

முத்திருளன்


பிலாய்,
20-3-1981

மச்சானுக்கு,

அனைவரும் நலம்தானே? இங்கே ஒரு நல்ல சேதி. ரெங்கம்மாள் மறுபடியும் உண்டாகியிருக்கிறாள். மூன்றாம் மாதம். சொல்லவே பயமாக இருக்கிறது. உனக்கும் அக்காவுக்கும் மட்டும் எழுதச் சொன்னாள்.

போன தடவை வளையல் போட்டு ஊருக்கு அழைத்துப்போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இந்தத் தடவை முன்கூட்டியே பிறந்த வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்கிறாள். அத்தையும் மாமாவும் இல்லாத வீட்டில் அவளுக்குத் தாயும் தகப்பனும் நீதான். பக்கத்திலேயே அமீருன்னிசா டாக்டரம்மா இருப்பதால் எனக்கும் அது சரியென்று படுகிறது. கைராசிக்காரர் என்று இங்கே வரும் மதுரைக்காரர்கள்கூடச் சொல்கிறார்கள்.

அந்த மதுரைக்காரர்களில் யாரோ சொல்லிப் பேயாண்டிக்கும் சேதி எட்டிவிட்டது. நேற்று அவனிடமிருந்தும் கடிதம். "நானும் ரெங்கம்மாளுக்கு அண்ணன்தான். என் வீட்டிலிருந்தால் ஆஸ்பத்திரிக்கு ஒரே சுவர்தான். தங்கச்சியை நான் வைத்துப் பார்க்கிறேன்" என்று எழுதியிருக்கிறான். உன்னைக் கேட்காமல் நான் பதில் போடவில்லை.

ஒரு சந்தேகம். தெற்கு அறை என்று எழுதினாயே, அது என்ன அறை?

நல்லகாமன்


வில்லாபுரம்,
4-4-1981

மாப்பிள்ளைக்கு,

தங்கச்சி சேதி படித்ததும் சீனியம்மாள் மாரியம்மனுக்குக் காசு முடிந்து வைத்துவிட்டாள். கடவுள் கண் திறந்திருக்கிறார். தங்கச்சி வெயிட்டான எதையும் தூக்கக் கூடாது, மாடிப்படி ஏறக் கூடாது. அவள் நலமே எங்கள் நலம்.

பேயாண்டி எழுதினானாமே! நான் உயிரோடு இருக்கும்போது என் கூடப்பிறந்தவளுக்கு வளையல் போட அவன் யார்? நாளைக்குப் பிள்ளை பிறந்தால் மொட்டையடித்துக் காது குத்த மடியில் உட்காரவைப்பது நானா, அவனா? ஊர்முழுக்க அவனைக் கும்பிடுகிறது, போதாதென்று என் தங்கச்சியும் அவன் வீட்டில் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டுமா? நீ அவனுக்குப் பதில் போடு. ஒரே வரி போதும்: ரெங்கம்மாள் அவள் அண்ணன் வீட்டுக்குப் போகிறாள் என்று.

இங்கே இன்னொரு கேஸும் கிளம்பிவிட்டது. பால்பாண்டியைத் தெரியுமல்லவா, மாட்டுத்தரகன்? அவன் பெண்டாட்டிக்கு மார்கழியில் டாக்டரம்மா வயிற்றை அறுத்துப் பிள்ளையை எடுத்தார். தானாகப் பிறந்திருக்கும் பிள்ளையை எதற்கு அறுத்தார் என்று நஷ்டஈடு கேட்கச் சொல்லி நான்தான் வக்கீலிடம் கூட்டிப்போனேன். "புள்ள நல்லாத்தாண்ணே இருக்கு. இல்லேன்னா ரெண்டு பேருமே போயிருப்பாகன்னு சொன்னாக" என்று இழுத்தான். "கேட்டா என்னடா குறைஞ்சா போயிருவ?" என்றேன். கைநாட்டு வைத்துவிட்டான்.

தங்கச்சியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

முத்திருளன்


பிலாய்,
17-5-1981

மச்சானுக்கு,

நலம், நலமறிய ஆவல். ரெங்கம்மாளுக்கு ஐந்தாம் மாதம். மாங்காய் கேட்டாள், இந்த ஊரில் கிடைத்த காய்க்குப் புளிப்பே இல்லை என்று திட்டினாள்.

நீ சொன்னபடி பேயாண்டிக்கு எழுதிவிட்டேன். இப்போது நான் எழுதப்போவதை நிதானமாகப் படி. போன வாரம் இவளுக்குக் கொஞ்சம் உதிரம் பட்டது. இங்குள்ள டாக்டர் பார்த்துவிட்டு, நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருக்கிறது என்றார். கடைசி மாதங்களில் எந்த நேரமும் உதிரம் பெருகலாமாம். அப்படி ஆனால் உடனே ஆபரேஷன் பண்ணிப் பிள்ளையை எடுக்க வேண்டும், ஆபரேஷன் செய்கிற இடம் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும் என்று மூன்று தடவை சொன்னார்.

அதனால்தான் மறுபடியும் கேட்கிறேன், போன தடவை நீ பதில் எழுதவில்லை. கோர்ட் பூட்டிய தெற்கு அறைதான் ஆபரேஷன் அறையா? அங்கே இப்போது ஆபரேஷன் நடக்கிறதா? நடக்கவில்லை என்றால் ஒரு குற்றமும் இல்லை. இங்கே உருக்காலை ஆஸ்பத்திரி பெரியது, எல்லா வசதியும் இருக்கிறது. அவளை இங்கேயே வைத்துக்கொள்கிறேன். வளையலை நீ இங்கே வந்து போடு. ஆமாம் அல்லது இல்லை, ஒரு வார்த்தை போதும்.

நல்லகாமன்


வில்லாபுரம்,
26-6-1981

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வாய்தா வாய்தாவாக அலைச்சல். இங்கு சுகம். தங்கச்சிக்கு உதிரம் நின்றுவிட்டதா?

தெற்கு அறை, வடக்கு அறை என்று நீ ஏன் போட்டுக் குழப்பிக்கொள்கிறாய்? டாக்டரம்மா இருக்கிறார். தினமும் வருகிறார். என் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டால் அவருக்குக் கேட்கும். இதைவிடக் கூப்பிடு தூரம் என்ன வேண்டும்? தாராளமாக அனுப்பி வை. வெள்ளையடித்து, புதுக்கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறேன். அண்ணன் வீடு இருக்கும்போது தங்கச்சி அந்நிய ஊரில் பிள்ளை பெற்றாள் என்று பேயாண்டி வாயால் நான் கேட்க வேண்டுமா?

டாக்டரம்மாவுக்குத் திமிர் ஏறிவிட்டது, அது வேறு. பால்பாண்டி கேஸுக்குப் பிறகு எதற்கெடுத்தாலும் கையெழுத்துக் கேட்கிறார். வயிற்றுவலி என்று போனால்கூட டவுனுக்குப் போய் ரத்தம், சிறுநீர் எல்லாம் சோதித்துக்கொண்டு வா என்கிறார். கொஞ்சம் சிக்கலான கேஸ் என்றால் தொடுவதே இல்லை. பீஸும் கூட்டிவிட்டார். வக்கீலுக்குக் கொடுக்கிற காசை நோயாளி தலையில் வைக்கிறார்.

ஆஸ்பத்திரி வாசலில் மருந்துக்கடை வைத்திருந்த நூருல் அமீன் கடையைக் காலி செய்துவிட்டான். அவன் தாழ்வாரமும் பாதையில்தான் இருந்தது, அதற்கு ஒரு மனு போட்டேன். எனக்குத் தலைவலி மாத்திரை வேண்டுமென்றால் இப்போது சிம்மக்கல் வரை பஸ்ஸில் போக வேண்டியிருக்கிறது. எல்லாம் பேயாண்டியால் வந்த வினை. கூட்டம் குறைந்துவிட்டது என்று நர்சுகளையும் சின்னத்தாயையும் நிறுத்திவிட்டார்கள். சின்னத்தாய் களையெடுக்கப் போகிறாள். அதிலிருந்து சீனியம்மாள் எனக்குச் சோறு போடுகிறாள், பேச்சில்லை. கோர்ட்டுக்குப் போனது நான், வேலையை விட்டு நிறுத்தியது அவர்கள். என் மேல் என்ன தப்பு?

காலையில் அவன் வாசலில் இப்போது நாலைந்து பேர்தான். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் காப்பி குடிக்கிறேன்.

தங்கச்சி வருகிற தேதியை எழுது.

முத்திருளன்


பிலாய்,
9-7-1981

மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். எனக்கு லீவு தர மறுக்கிறார்கள். இங்கே ஒரு போர்மேன் குடும்பம் மதுரை வருகிறது, அவர்களோடு ரெங்கம்மாளை ஏற்றி விடுகிறேன். இருபதாம் தேதி காலை ஸ்டேஷனில் நில்.

சின்னத்தாயை நிறுத்தியது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. நேற்று ராத்திரி சாப்பிடும்போது, பேசாமல் இங்கேயே இருந்துவிடுகிறாயா என்று ரெங்கம்மாளைக் கேட்டேன். "எங்கண்ணன் ஒண்ணும் இல்லாமயா வரச்சொல்லும்?" என்றாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை. உன் வார்த்தையை நம்பி அனுப்புகிறேன்.

நல்லகாமன்


வில்லாபுரம்,
12-8-1981

மாப்பிள்ளைக்கு,

தங்கச்சி நல்லபடியாக இருக்கிறாள். கவலையே வேண்டாம். வளையல் போட்டோம். இரண்டு கையும் கொள்ளவில்லை. தெருவே வந்து சாப்பிட்டுப் போனது. எங்கள் அம்மா இருந்திருந்தால் என்று ஒரு நிமிஷம் எல்லோரும் அழுதோம்.

பேயாண்டி பெண்டாட்டி ஒரு தூக்கு நிறைய புளியோதரை கொண்டுவந்தாள். அப்படியே திருப்பி அனுப்பிவிட்டேன். தங்கச்சிக்குக் கொஞ்சம் வருத்தம். அவளுக்கு இதெல்லாம் புரியாது, வெளியூரிலேயே இருந்துவிட்டாள். சுவரோரம் நின்று பேயாண்டியிடம் பேசிக்கொண்டிருந்தாள். நான் செருமினேன், உள்ளே வந்துவிட்டாள்.

டாக்டரம்மா பார்த்தார். மாத்திரை கொடுத்திருக்கிறார். வேறு ஒன்றும் விசேஷமில்லை. அடுத்த வாய்தா செப்டம்பர் கடைசியில். அதில் கேஸ் நம் பக்கம் தீர்ந்துவிடும் என்று வக்கீல் சொல்கிறார்.

இரும்புக்கூடத்தில் ஜாக்கிரதையாக வேலை செய்.

முத்திருளன்


வில்லாபுரம்,
11-10-1981

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. நான் போட்ட கடிதம் எதற்கும் பதில் இல்லை. தந்தி கண்டு நீ வந்தபோதும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என் வீட்டு வாசல்படி ஏறாமல், பேயாண்டி வீட்டிலிருந்தே தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறிவிட்டாய். எனக்கு மட்டும் துக்கம் இல்லையா? என் மருமகள் அல்லவா அது?

நடந்ததை நானே எழுதுகிறேன், மற்றவர்கள் என்ன சொன்னார்களோ தெரியாது. அன்று காலை பத்து மணிக்குத் தங்கச்சிக்கு உதிரம் கண்டது. நானும் சீனியம்மாளும் உடனே பக்கத்தில் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டரம்மா பார்த்துவிட்டு அதைச் சொன்னார், இதைச் சொன்னார். எனக்கு அவசரமாக வெளியே போக வேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அழுதுகொண்டிருந்தால் ஆகாது மாப்பிள்ளை. வக்கீலிடம் பேசிவிட்டேன். கோர்ட் தடைபோட்ட தெற்கு அறையைத் திறந்து, அதற்குள் வைத்துத் தங்கச்சிக்கு ஆபரேஷன் செய்திருக்கிறார்! நர்ஸ் இல்லை. களையெடுத்துக்கொண்டிருந்த சின்னத்தாயைக் கூப்பிட்டு உதவிக்கு வைத்துக்கொண்டாராம். பிள்ளை போய்விட்டது. இதைவிடப் பெரிய கேஸ் கிடைக்காது என்கிறார் வக்கீல். கோர்ட் அவமதிப்பு தனி, நஷ்டஈடு தனி. திறக்கச் சொன்னது பேயாண்டி, அதனால் அவனையும் சேர்க்கலாம். அதோடு அவன் கதை முடியும். இன்னமும் தெருவில் அவனைத்தான் மெச்சுகிறார்கள். விழுந்தடித்து ஓடி அவன்தான் தங்கச்சிக்கு ரத்தம் கொடுத்தானாம். நான் இருந்திருந்தால் நான் கொடுத்திருக்க மாட்டேனா?

நீயும் தங்கச்சியும் இத்துடன் உள்ள வக்காலத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். தங்கச்சி கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொன்னால் போதும். செலவெல்லாம் என்னுடையது. நம் பிள்ளைக்காக நான் இதுகூடச் செய்யாவிட்டால் நான் என்ன தாய்மாமன்?

முத்திருளன்


பிலாய்,
6-11-1981

அண்ணனுக்கு,

ரெங்கம்மாள் எழுதுவது. இந்த வீட்டிலிருந்து உனக்கு இதுவரை நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. நான் சொல்லச் சொல்ல அவர்தான் எழுதுவார். இந்த முறை அவர் பேனாவை வைத்துக்கொண்டு நெடுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். நான் வாங்கிக்கொண்டேன்.

எனக்குத் தையல் ஆறிவிட்டது. நடக்கிறேன், சமைக்கிறேன். பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது, அதுவும் நின்றுவிட்டது.

அவசரமாக வெளியே போக வேண்டியிருந்தது என்று எழுதியிருக்கிறாய். எங்கே போனாய் என்று எழுதவில்லை. நான் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துப் பெஞ்சில் படுத்திருந்தேன் அண்ணே. கண்தான் மூடியிருந்தது, காது கேட்டது.

டாக்டரம்மா உன்னிடம், "சாவி என் கையிலதான் இருக்கு. மருந்து எடுக்க ஒரு தடவை கதவைத் திறந்ததுக்கே நீங்க மனுப் போட்டு என்னைக் கோர்ட்டுல நிறுத்துனீங்க. இப்ப நீங்க ரெண்டு வரி எழுதிக் குடுங்க, எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு. இந்த நிமிஷம் திறந்துர்றேன்" என்றார். நீ சொன்னதும் எனக்குக் கேட்டது. "எழுதிக் குடுத்தா கேஸ் நிக்காதுன்னு வக்கீல் சொல்லியிருக்காரு. ஒரு எட்டு அவரைக் கேட்டுட்டு வந்துர்றேன்" என்றாய். மதினி உன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அப்புறம் நீ சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்ட சத்தம் கேட்டது.

உனக்காகக் காத்திருந்தார்கள். பேயாண்டி அண்ணன் டாக்சிக்கு ஆள் அனுப்பினான், கிடைக்கவில்லை. என் காலுக்குக் கீழே பெஞ்செல்லாம் நனைந்துவிட்டது. கடைசியில் அவன்தான், "நான் ஜெயிலுக்குப் போறேம்மா, நீங்க திறங்க" என்று கத்தினான். டாக்டரம்மா போய் அந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டுக் கதவைத் திறந்தார். பூட்டிக்கிடந்த அறை. தூசி தட்டி, விளக்கைப் போட்டு, களைக்காட்டிலிருந்து ஓடிவந்த சின்னத்தாய் கை கழுவுகிறவரை என் பிள்ளை வயிற்றுக்குள் அசைந்துகொண்டிருந்தது. அதை எனக்குத் தெரியும். கையை அதன்மேல்தான் வைத்திருந்தேன். வெளியே எடுத்தபோது மூச்சு இல்லை. கொஞ்சம் முன்னால் எடுத்திருந்தால் பிழைத்திருக்கும் என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா என் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதார்.

என் மேலும் தப்பு இருக்கிறது. ஒன்பதாம் மாதம் பிறந்ததுமே டவுன் பெரியாஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள், இங்கே என்னால் ஆபரேஷன் செய்ய முடியாது என்று ஆகஸ்டிலேயே டாக்டரம்மா நம் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். வேறு ஒன்றும் விசேஷமில்லை என்று நீ என் வீட்டுக்காரருக்கு எழுதினாய். "அடுத்த வாய்தால தீர்ந்துரும், அதுவரைக்கும் பொறு தாயி. இப்பப் போய் நீ பெரியாஸ்பத்திரியில படுத்தா, பேயாண்டி முன்னாடி எனக்கு அசிங்கம்" என்று என்னிடம் சொன்னாய். நான் பொறுத்தேன். அவருக்கு ஒரு கார்டு போட்டிருக்கலாம். அண்ணனைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை.

பெண் பிள்ளை அண்ணே. உன் மூக்கு. துணியில் சுற்றிக் கொடுத்தபோது வாங்கிக்கொள்ளத் தாய்மாமன் இல்லை. ரத்தம் கொடுத்த கையோடு பேயாண்டி அண்ணன் எழுந்துவந்து வாங்கிக்கொண்டான். அவன்தான் கொண்டுபோய் அடக்கம் செய்தான்.

டாக்டரம்மா ஊரைவிட்டுப் போகப்போகிறாராம். மதினி எழுதியிருந்தாள். இனி அந்தப் பக்கத்தில் யாருக்கு வலி கண்டாலும் டவுனுக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். உனக்கும் இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நீ அனுப்பிய வக்காலத்துக் காகிதத்தை என் வீட்டுக்காரர் கிழிக்கப் போனார். நான் வாங்கி வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போடவில்லை. நீ கேஸ் போடு. கட்டாயம் போடு. நான் கோர்ட்டுக்கு வருவேன், டாக்டரம்மா பக்கம் நின்று சாட்சி சொல்வேன். கதவை யார் திறந்தார்கள், எழுதித் தராமல் யார் சைக்கிளை எடுத்தார்கள் என்று ஜட்ஜ் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்வேன்.

வரும்போது பேயாண்டி அண்ணன் வீட்டில் தங்குவேன். ஸ்டேஷனுக்கு அவன் வந்து கூட்டிக்கொள்வதாக எழுதியிருக்கிறான். நீ வர வேண்டாம்.

மதினிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
நல்லகாமன் மனைவி
ரெங்கம்மாள்